மியூசியத்தில் காட்டுயிர்களைப் பார்த்துப் படம் வரையப் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: மகளுடைய பள்ளியும் ஒரு மியூசியமும் சேர்ந்து காட்டுயிர் ஓவியத் திட்டம் நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு இதனால் பயன் உண்டா, இல்லை போட்டோ எடுத்துப் போடத்தானா?

போட்டோவுக்கும்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அனுப்புங்கள்.

ஒப்புதல் சீட்டு வீட்டுக்கு வந்திருக்கும், சனிக்கிழமை ட்யூஷன் போய்விடுமே என்று யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம் பிள்ளைகள் படிக்கிற யு.பி. (அப்பர் பிரைமரி) ஸ்கூலில் ட்ராயிங் எடுக்கிறவன். நீங்கள் கோயமுத்தூர்க்காரர் என்றால் கொடுத்துவைத்தவர். 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் விடியற்காலையில் பஸ் ஏறினால்தான் உண்டு.

எங்கள் ஸ்கூலையும் இப்படி ஒரு திட்டத்தில் சேர்த்தார்கள். எந்த மியூசியம் என்று சொல்ல மாட்டேன், தோண்ட வேண்டாம். ஆளுக்கு ஓர் உயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பென்சிலில் வரைந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஸ்கூலுக்குத் திரும்பி வண்ணம் தீட்ட வேண்டும். கடைசியில் மியூசியத்திலேயே கண்காட்சி. பையன்கள் அத்தனை பேரும் புலி முன்னால் போய் நின்றார்கள். பதப்படுத்திய புலி பெரும்பாலும் வாயைப் பிளந்துதான் நிற்கும். அந்தக் காலத்து வேட்டைத் துரைகளுக்கு அப்படிச் செய்து கொடுத்தால்தான் பிடிக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தூங்குகிற புலிக்கும் கோரைப்பல் போட்டுத்தான் வரைகிறது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் இருவாச்சிக் கூண்டு முன்னால் நின்றாள். கேரளாவின் மாநிலப் பறவை, இங்கே வேழாம்பல் என்பார்கள். அவளுடைய அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், நெல்லியாம்பதி எஸ்டேட்டில் வேலை செய்தவர். லீவுக்கு அங்கே போய்விடுவாள். கண்ணாடிக்குள் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “சார், இது சாயம் போன குருவிங்க சார். எங்கம்மிச்சி வீட்டுக்கு மேல பறக்கறது நல்ல மஞ்சளா இருக்கும்ங்க” என்றாள்.

படத்திலும் மஞ்சளை அள்ளிப் பூசினாள். அலகு, தலைமேல் இருக்கிற கொண்டை, கழுத்து, இறக்கையில் இருக்கிற வெள்ளைப்பட்டை வரை மஞ்சள். கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தவருக்குப் பிடிக்கவில்லை. “கண்ணால பாத்தத வரையச் சொல்லுங்க மாஷே, இஷ்டத்துக்குக் கலர் அடிக்கக் கூடாது” என்றார். கூண்டில் இருந்தது பழைய தந்தம் மாதிரி வெளுத்திருந்ததாம்.

வெளுக்காமல் என்ன செய்யும்? இருவாச்சியின் மஞ்சளில் பெரும்பகுதி அது தானே பூசிக்கொள்வது. வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகை அதில் தேய்த்து, கொண்டையிலும் இறகிலும் தடவிக்கொண்டே இருக்கும். பறவை செத்தால் பூசுகிற வேலையும் நின்றுபோகும், வருஷக்கணக்கில் கூண்டில் நின்றால் இருக்கிற நிறமும் மங்கும். கண்ணும் அப்படித்தான். ஆணுக்கு விழி சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. பதப்படுத்தினவரிடம் கையில் இருந்த கண்ணாடிக்கண் எதுவோ அதுதான் கூண்டில் இருக்கும். அவளுடையது ஆண், கண் சிவப்பு. மரப்பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற பெட்டைக்கு அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுகிற மாதிரி வரைந்திருந்தாள். அந்தக் காட்சி எந்தக் கூண்டிலும் கிடையாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். “இருக்கட்டும் மாஷே” என்றார், அவ்வளவுதான்.

கண்காட்சியில் அந்தப் படம் கழிவறைக்குப் போகிற வழியில் தொங்கியது. வாசலுக்கு நேரே, ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்கள்’ என்ற பலகைக்குக் கீழே, வேறொரு ஸ்கூல் பிள்ளை வரைந்த டூக்கான். அது தென் அமெரிக்காப் பறவை! படம் அச்சு அசலாக இருந்தது, கூகுளில் பார்த்து வரைந்தது போல. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. மாட்டின பெரியவர்களைச் சொல்கிறேன்.

‘செத்த மிருகத்தையா குழந்தைக்குக் காட்டுவது, காட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: பரம்பிக்குளம் போக பஸ் வாடகை நீங்கள் தருகிறீர்களா? உயிரோடு இருக்கிற இருவாச்சி ஒரு பிள்ளை வரைந்து முடிக்கும்வரை கிளையில் உட்கார்ந்திருக்காது. நகத்தின் வளைவு, இறகு அடுக்கி இருக்கிற விதம், அலகு முகத்தோடு சேருகிற இடம், இதெல்லாம் அசையாமல் நிற்பதைப் பார்த்தால்தான் கைக்கு வரும். இரண்டையும் பார்த்த பிள்ளைதான் சாயம் போனதைக் கண்டுபிடித்தாள். ‘என் மாணவி என்பதால் பேசுகிறேன்’ என்பீர்கள். ஆமாம், வேறு யார் பேசுவார்?

நான் ஒப்பந்தத்தில் இருக்கிறவன். பாதி வாரம் இங்கே, மீதி வேறு ஸ்கூலில். ட்ராயிங் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள், பி.டி. பீரியடைக்கூட விட மாட்டார்கள். தமிழ்ப் பாடப்புத்தகம் ஓணப் பரீட்சை நெருங்கும்போது வந்த வருஷமும் உண்டு. கண்காட்சியில் பெயர்ச்சீட்டு முழுக்க மலையாளமும் இங்கிலீஷும்தான். படம் பார்க்க வந்த அம்மிச்சி, பேத்தி பெயர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் படிப்பவர்களைப் பற்றிக் கேட்க ஆள் கிடையாது. சரி, அது வேறு கதை.

உங்கள் மகளுக்கு வருகிறேன். ஒரே உயிருக்கு முன்னால் உட்கார எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டு பஸ் ஏற்றுவார்கள் என்றால் ட்யூஷனுக்கே அனுப்பலாம். அந்தக் காலத்தில் பதப்படுத்திய மிருகங்களுக்குப் பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக் பூசுவது வழக்கமாக இருந்தது. தொடக் கூடாது, சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திருத்த உட்கார்ந்துவிடாதீர்கள். கண்காட்சி முடிந்ததும் படத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பிள்ளைகளுடையது இன்னும் வரவில்லை.