லப்பக்கின் ஓய்வு நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி பற்றிய உங்கள் கட்டுரையில், ‘பழைய கற்காலம்’ என்ற பகுப்புக்குப் பெயரிட்டவர் என்று ஜான் லப்பக்கைக் குறிப்பிட்டு, பல்துறை அறிஞர் என்று பாராட்டியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். பரம்பரை வங்கி முதலாளி, பிரபு, நாடாளுமன்ற உறுப்பினர். வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டாதவரின் பொழுதுபோக்கை அறிவியல் என்று நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

லப்பக்குக்குப் பணம் இருந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. தந்தை வங்கியாளர், கணிதமும் வானியலும் அறிந்தவர். லப்பக்குக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1842-இல், டார்வின் அக்குடும்பத்தின் பண்ணை மாளிகைக்கு அருகிலுள்ள கிராமத்தில் குடியேறினார். மகனுக்கு நுண்ணோக்கி வாங்கித் தரும்படி தந்தையிடம் சொன்னவரும் அவரே. இப்படியொரு அண்டைவீட்டார் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்ப்பார்? ஆனால் ஏறத்தாழ 15 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வங்கியில் அமர்த்தப்பட்ட லப்பக் பல்கலைக்கழகத்தில் பயிலவே இல்லை. வங்கி வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில்தான் தம் ஆய்வுகளைச் செய்தார்.

அந்த ஆய்வுகள் பொழுதுபோக்கின் தரத்தில் இருந்தனவா என்பதற்கு அவருடைய எறும்புச் சோதனைகளே போதுமான விடை. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணைப் பரப்பி எறும்புகளைக் குடியேற்றி, ஒவ்வொன்றையும் அடையாளம் காண வண்ணப் புள்ளி வைத்து, அவற்றின் போக்குவரவை ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார். 1874-இல் பிடித்த ராணி எறும்புகளில் ஒன்று 1888 வரை அவரது பராமரிப்பில் உயிரோடு இருந்தது. எறும்புகள் ஊதா ஒளி விழும் இடத்திலிருந்து தம் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு விலகுவதைக் கண்டவர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், நமக்கு இருட்டாகத் தெரியும் பகுதியிலிருந்தும் அவை அவ்வாறே விலகுவதைக் கவனித்தார். புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடும், ஆனால் நம் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும் கார்பன் டைசல்பைடு திரவத்தை இடையே வைத்தபோது, எறும்புகள் அதன் அடியில் நிழலில் ஒதுங்குவதுபோல் ஒதுங்கின. நாம் காணாத ஒளியை ஒரு பூச்சி உணர்கிறது என்பதை இவ்வளவு எளிய கருவிகளால் அவர் நிறுவியதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

நான் அவரைக் குறைகூறும் இடம் வேறு. 1865-இல் வெளிவந்த ‘ப்ரீஹிஸ்டாரிக் டைம்ஸ்’ நூலில்தான், கல்லைச் செதுக்கிய காலத்தையும் தீட்டி மெருகேற்றிய காலத்தையும் பழைய, புதிய கற்காலங்கள் என்று அவர் பிரித்துப் பெயரிட்டார். ஃபூட் பல்லாவரத்தில் குனிந்து கல்லை எடுத்தபோது அந்தக் காலத்துக்கு அந்தப் பெயரே கிடையாது. ஆனால் அதே நூலில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளையும் தென்னமெரிக்க முனையின் மக்களையும் கற்கால மனிதரின் எச்சங்களாகக் காட்டி, பயணிகளும் பாதிரிமாரும் எழுதிவைத்ததை நம்பி, அவர்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி எழுதினார். ஓர் எறும்பைப் பற்றிச் சொல்லப் பல ஆண்டுகள் நேரில் பார்த்துக் காத்திருந்தவருக்கு, தாம் கண்டிராத மக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் செவிவழிச் செய்தி போதுமானதாக இருந்தது. அவருடைய பணத்தைவிட இதுவே என்னை உறுத்துகிறது. அக்காலத்தவர் பலரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஓய்வு நேரம் உள்ளவரால்தான் இதெல்லாம் முடியும் என்கிறீர்கள். லப்பக்கும் அதை உணர்ந்திருந்தார் என்றே அவருடைய சட்டங்களைப் படித்தபின் நினைக்கிறேன். 1870-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர், அடுத்த ஆண்டே வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். விடுமுறை நாளில் தவணை முடியும் உண்டியல்களுக்கு, அதாவது குறித்த நாளில் பணம் தர வேண்டிய வணிகப் பத்திரங்களுக்கு, மறுநாள் பணம் கொடுத்தால் போதும் என்பது அதன் ஏற்பாடு. வங்கி மூடியிருக்கும்போது வணிகமும் நின்றுவிடும் என்பதை ஒரு வங்கியாளர் அறிவார். இங்கிலாந்துக்கு ஈஸ்டர் திங்கள், பெந்தகோஸ்து திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26 என நான்கு நாட்கள் கிடைத்தன. மக்கள் ஆகஸ்ட் விடுமுறையைப் ‘புனித லப்பக் நாள்’ என்றே அழைத்தார்கள். பிறகு கடைச் சிப்பந்திகளின் பக்கம் திரும்பினார். 18 வயதுக்குட்பட்டோரை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலைவாங்கக் கூடாது என்ற 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சி. 74 மணி என்பதே ஒரு சலுகையாக இருந்தது என்றால், அதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பணத்தை அவர் செலவிட்ட விதத்துக்கும் ஒரு சான்று சொல்கிறேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவ்பரி என்ற சிற்றூர், புதிய கற்காலத்தவர் நட்ட மாபெரும் கல்வட்டத்தின் உள்ளேயே அமைந்திருக்கிறது. 1871-இல் அங்கே நிலம் வீட்டுமனைகளாக விலைபோகவிருந்தபோது, லப்பக் அதைத் தாமே வாங்கி நிறுத்தினார். எல்லாவற்றையும் ஒருவர் விலைக்கு வாங்கிக் காப்பாற்ற முடியாது என்பதால் 1873-இல் தொல்சின்னங்களுக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். சொந்த நிலத்தில் உள்ள கல்லை உடைக்கும் உரிமையில் அரசு தலையிடுவதா என்று எதிர்த்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார்கள். 1882-இல் அது நிறைவேறியபோதும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்ற அளவுக்குப் பல் பிடுங்கப்பட்டிருந்தது. இருந்தும் பிரிட்டனில் தொல்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் அதுதான். 1900-இல் பிரபுப் பட்டம் வந்தபோது, அவர் தமக்குத் தேர்ந்துகொண்ட பெயர் ‘ஏவ்பரி’.