ஒன்றரை ஏக்கரை விற்க வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க, துறையூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே தாய்மாமன். மாமாவின் கையில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழவழப்பான விளம்பரப் புத்தகம். மகள் இரண்டு முறை நீட் எழுதியிருக்கிறாள். தகுதி மதிப்பெண் வந்தது, சீட்டு வரவில்லை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், அதனால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் கிடையாது. கிணற்றோடு சேர்ந்த ஒன்றரை ஏக்கரை விற்று அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

"பதறாதீங்க, வழி இருக்கு" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். மாமா விடவில்லை. "நம்ம வகையறாவுல ஒரு டாக்டர் வேணும் சார். ஆறு வருஷம் கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்." இனியும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் அது துரோகம் என்று பட்டது.

ஆறு வருஷம் இல்லை, எண்ணிப் பாருங்கள். 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு. அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அப்புறம் இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. அந்தத் தேர்வில் பல தடவை நான்கில் ஒருவர்கூடத் தேறியதில்லை. தேறி வந்து நன்றாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. டாக்டர் ஆகியே தீருவேன் என்று நிற்கிற பிள்ளை என்றால் நானும் இவ்வளவு பேச மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் அப்படி நிற்பது மாமாதான்.

பிள்ளையைக் கேட்டேன். அவள் அதுவரை அந்த விளம்பரப் புத்தகத்தைப் பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது வருஷத்துலேருந்து ஹாஸ்டல் தனின்னு கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கு சார். மாமா போட்ட கணக்குல அது இல்ல" என்றாள். உனக்கு என்னம்மா பிடிக்கும் என்றதற்கு, "பயாலஜி பிடிக்கும். ஆஸ்பத்திரியில இருக்கப் பிடிக்காது. தாத்தாவைச் சேர்த்திருந்தப்போ டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நாலு தடவை படிச்சேன்" என்றாள்.

இன்ஜினீயரிங், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொன்னது மெடிக்கல் கோடிங், அதிலும் சர்ஜரி கோடிங். மாமாவின் முகம் சுருங்கியது. "ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரன்கிட்ட போன் பேசுற வேலைதானே?" இல்லை. அது ஏ.ஆர். காலிங், பணம் வராத பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியைத் துரத்துகிற வேலை. கோடிங் பெரும்பாலும் பகல் வேலை, வாசிக்கிற வேலை. அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி.-10 எண்ணும் செய்த சிகிச்சைக்கு சி.பி.டி. எண்ணும் கொடுக்க வேண்டும். அந்த எண்களை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வரும். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இதற்கென்றே அலுவலகங்கள் இருக்கின்றன.

பயிற்சிக்காக நானே எழுதி வைத்திருக்கும் ஆபரேஷன் குறிப்பு ஒன்று மேஜையில் கிடந்தது. உள்காதில் பொருத்திய சமநிலைக் கருவியை வெளியே எடுத்த ஆபரேஷன். அதை அவளிடம் நீட்டினேன்.

காதில் கேட்பதற்கு காக்ளியா இருப்பதுபோல், விழாமல் நிற்பதற்கு மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருப்பதை அவள் பாடத்திலேயே படித்திருக்கிறாள். ஜென்டாமைசின் போன்ற மருந்துகளால் இரண்டு பக்கமும் அது கெட்டுப்போனால், நடக்கும்போது எதிரே இருப்பதெல்லாம் ஆடும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கால்வாய்களில் மின்முனை வைத்து நரம்பைத் தூண்டும் கருவியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 8 பேருக்குப் பொருத்தியதன் முடிவுகள் 2021-இல் வெளியாயின. அடுத்த வருஷமே, 2022 ஜூலை 1 முதல், அதற்கென்று தனி சி.பி.டி. எண்கள் நடைமுறைக்கு வந்தன. பொருத்த 0725டி (0725T), எடுக்க 0726டி, எடுத்துவிட்டு வேறொன்று வைக்க 0727டி.

கடைசியில் வரும் அந்த 'டி'யில்தான் விஷயம் இருக்கிறது. இது மூன்றாம் வகை எண், புது சிகிச்சைகளுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது. புதுப்பிக்காவிட்டால் ஐந்து வருஷத்தில் காலாவதி. காக்ளியர் கருவி பொருத்த 69930 என்று நிரந்தர எண் இருக்கிறது, பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே ஆபரேஷன், அதைப் போட்டுவிடலாம் என்று புதிதாக வந்தவருக்குக் கை அரிக்கும். கூடாது. 'வகைப்படுத்தாதது' என்ற பொது எண்ணுக்கும் போகக் கூடாது. மூன்றாம் வகையில் பொருத்தமான எண் இருந்தால் அதையே போட வேண்டும் என்பது விதி. இந்த எண்களுக்கு முன்கூட்டி நிர்ணயித்த விலை கிடையாது. பணம் தருவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் தானே முடிவு செய்யும், 'இன்னும் ஆராய்ச்சி நிலை' என்று டினையலும், அதாவது பணம் தர மறுப்பும், அனுப்பும். அதனால் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போனாலும் பில் திரும்பி வரும்.

அடுத்து, ஏன் எடுத்தார்கள்? கருவி பழுதா, கிருமித்தொற்றா, வலியா? ஐ.சி.டி.யில் டி85 (T85) என்ற ஒரே குடும்பத்துக்குள், அடுத்து வரும் இலக்கத்தில், பழுது 6-இல், தொற்று 7-இல், வலி போன்ற பிற தொல்லைகள் 8-இல் பிரியும். அந்த எண்ணின் ஏழாவது எழுத்தில் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. கருவி வைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டதே, முதல் வருகைக்கான 'ஏ' எப்படிப் பொருந்தும் என்று அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். பொருந்தும். அந்தச் சிக்கலுக்கு இப்போது நேரடியாக சிகிச்சை நடக்கிறது, அதுதான் கணக்கு. வருஷக் கணக்கு இல்லை.

இந்த மாதிரிச் சார்ட், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு, வாழ்நாளில் ஒரு தடவை கையில் வந்தாலே அதிகம். பிறகு எதற்கு இதைக் காட்டினேன்? எக்ஸ்ரே மாதிரியான ஒரே அச்சு வேலைகளை இப்போதே கம்ப்யூட்டர் தானாக கோடு செய்ய ஆரம்பித்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்து எண் போடுகிறவருக்கு இந்தத் தொழிலில் இனி இடம் சுருங்கும். இப்படிச் சிக்கலான சர்ஜரி குறிப்பைப் பொறுமையாகப் பிரிக்கிறவருக்குத்தான் நான் இதைச் சொல்வேன்.

செலவு விஷயத்தில் நான் கறார். நிலத்தைத் தொடக் கூடாது. அரசு கலைக் கல்லூரியில் மைக்ரோபயாலஜியோ விலங்கியலோ எடுத்து மூன்று வருஷம் படிக்கட்டும். இவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். உடற்கூறியலும் மருத்துவ ஆங்கிலமும் இப்போதிருந்தே வாசிக்கட்டும். பேச்சு ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, வாசிப்பு தடுமாறக் கூடாது. 'நூறு சதவீத வேலை' என்று போர்டு மாட்டி மொத்தமாகப் பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு பைசா முன்பணம் வேண்டாம், அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்கவும் வேண்டாம். கோடிங் சான்றிதழுக்கான சி.பி.சி. தேர்வுக்கு 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இந்த எண்கள் அடங்கிய புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். கட்டணம் டாலரில் என்பதால் வேலையில் சேர்ந்து சொந்தச் சம்பளத்தில் எழுதுவது நல்லது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, சென்னை ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் கொஞ்சம்தான். தினசரி இத்தனை சார்ட் என்ற இலக்கின் நெருக்கடியும் இருக்கும். இதையும் மறைக்காமல் சொன்னேன்.

"டாக்டர்னு சொல்லிக்க முடியாதே" என்றார் மாமா. சொல்லிக்கொள்வது உங்களுக்கு, தினமும் செய்யப்போவது அவள் என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் சொல்லிவிட்டேன். அவளுடைய அம்மா தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தேன்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் அவள் அந்தத் தாளை விடவில்லை. "சார், எந்தக் காதுன்னு இதுல போடவே இல்லையே?" என்றாள்.

கருவியை எடுப்பதற்கான அந்த 0726டி எண் ஒரு பக்கக் காதுக்கு மட்டுமானது. இடமா வலமா என்று காட்டும் மாடிஃபையர் என்ற துணைக் குறியைச் சேர்க்க வேண்டும். குறிப்பில் இல்லையென்றால் ஊகித்துப் போடக் கூடாது, டாக்டருக்கே கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். நான் வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருந்தேன். கோடிங் வகுப்பு முடித்து வந்தவர்கள்கூட அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "திருச்சி காலேஜுக்கு அப்ளிகேஷன் போட என்னென்ன எடுத்துட்டு வரணும் சார்?"