கோப்பைத் திறக்கும் உரிமை: உளவுத்துறைச் சீர்திருத்தம் குறித்த கேள்வி பதில்

கேள்வி (சட்ட மாணவி): ஆளுங்கட்சியின் கையாளாகிவிட்ட உளவுத்துறையை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பதில்: அதன் வேலை என்ன என்பதைச் சட்டத்தில் எழுதுவதிலிருந்து. கனடாவில் 1972இல் காவல்துறையின் பாதுகாப்புப் பிரிவினர், கியூபெக் பிரிவினைவாதிகள் கூடுவதைத் தடுக்கப் பண்ணைக் கொட்டகை ஒன்றுக்கே தீ வைத்தார்கள். மெக்டொனால்ட் ஆணையம் விசாரித்து 1981இல் அறிக்கை தந்தது. 1984இல் உளவு வேலை காவல்துறையிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்புக்குப் போனது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு: சட்டத்துக்கு உட்பட்ட போராட்டமும் மாற்றுக்கருத்தும், வன்முறை போன்றவற்றோடு சேராதவரை, அச்சுறுத்தலாகக் கொள்ளப்படமாட்டா. இப்படி ஒரு வரி இல்லாவிட்டால், உளவுத்துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்ற மேற்பார்வைக் குழு எதைக் கொண்டு தவறை அளக்கும்?

கேள்வி (கட்சித் தொண்டர்): பழைய அமைப்பைக் கலைத்து, புதுப் பெயரில் தொடங்கினால் போதாதா?

பதில்: போதாது. தென்கொரிய உளவு அமைப்பு 1961இல் பிறந்தது. 1981இல் ஒரு பெயர், 1999இல் இன்னொரு பெயர். அந்தப் புதுப் பெயரில்தான், 2012 அதிபர் தேர்தலின்போது அதன் ஆட்கள் ஆளுங்கட்சி வேட்பாளருக்கு ஆதரவாக இணையத்தில் கருத்துகளை எழுதிக் குவித்தார்கள். அப்போதைய தலைவர் வொன் செ-ஹூனின் 4 ஆண்டுச் சிறைத்தண்டனையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. 2020 சட்டத்திருத்தம் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு அதிகாரத்தில் கைவைத்தது: வட கொரிய உளவாளிகள் தொடர்பான குற்றவிசாரணை 2024 முதல் காவல்துறையிடம் போனது.

கேள்வி (ஓய்வுபெற்ற காவல் அதிகாரி): எம்.பி.க்களிடம் இரகசியத்தைச் சொன்னால் மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடும்.

பதில்: வழக்கமான பயமுறுத்தல். அமெரிக்காவில் தந்தி நிறுவனங்கள் தந்திகளின் பிரதிகளை உளவு அமைப்பிடம் 1945 முதல் 1975 வரை கொடுத்துவந்தன. அந்த இரகசியம் பத்திரமாகத்தான் இருந்தது. கேட்க ஆளில்லாததால்தான் 30 ஆண்டுகள் நீடித்தது. ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு தோண்டிய பிறகே வெளிச்சத்துக்கு வந்தது.

கேள்வி: உளவுத்துறையில் சேர என்ன படிக்க வேண்டும்?

பதில்: வேலைவாய்ப்புப் பகுதியில் கேளுங்கள்.

கேள்வி: நீதிபதியின் அனுமதி இருந்தால் ஒட்டுக்கேட்பில் முறைகேடு நடக்காது அல்லவா?

பதில்: அமெரிக்கா 1978இல் இதற்கென்றே தனி நீதிமன்றம் அமைத்தது. நல்லதுதான். ஆனால் அனுமதி கேட்கும் தரப்பு மட்டுமே பெரும்பாலும் நீதிபதி முன் நிற்கிறது. அவர்கள் நீட்டும் தாளைத்தான் அவர் பார்க்கிறார்.

கேள்வி (மீண்டும் காவல் அதிகாரி): நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையில் அரசியல்வாதி மூக்கை நுழைக்கலாமா?

பதில்: நான் அதைக் கேட்கவே இல்லை, ஐயா. எந்தச் சட்டப்படி, யார் பணத்தில், யார் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது? இவற்றைப் பின்னர் சரிபார்க்கலாம். நார்வேயில் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் 7 பேர் குழு இதைச் செய்கிறது. பதவியிலுள்ள எம்.பி. யாரும் அதில் இருக்க முடியாது. உளவு அலுவலகத்துக்கே போய்க் கோப்புகளைப் பார்க்கிறார்கள்.

கேள்வி (அவரே): நார்வே சின்ன நாடு.

பதில்: ஜெர்மனி? அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொலைபேசி ஒட்டுக்கேட்பு அனுமதிகளைத் தனி ஆணையம் ஒன்று சரிபார்க்கிறது. கோப்பைத் திறக்க மக்கள்தொகைக் கணக்கு எதற்கு?

கேள்வி: பெயரை மாற்றி, புதியவர்களை நியமித்தால்...

பதில்: மேலே தென்கொரியாவைப் படியுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): அரசியல் சட்டத்திலேயே மேற்பார்வையாளர் பதவியை உருவாக்கிவிட்டால்?

பதில்: தென்னாப்பிரிக்கா செய்தது. தலைமை ஆய்வாளரை நியமிக்க நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆனாலும் 2018இல், தன்மீதான புகாரை விசாரித்துவந்த தலைமை ஆய்வாளர் இரகசியக் கோப்புகளைப் பார்ப்பதற்கான அனுமதியையே உளவு அமைப்பின் இயக்குநர் ரத்து செய்துவிட்டார். அனுமதி இல்லாமல் எந்தக் கோப்பையும் தொட முடியாது; ஆய்வாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு முன்னாள் அமைச்சர் முஃபமாடி தலைமையிலான குழு, அமைப்பு ஆளுங்கட்சியின் உட்பூசலுக்குள் இழுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. ஆகவே உங்கள் ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது: கண்காணிப்பவரின் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது யார்?

கேள்வி: என் கைபேசி ஒட்டுக்கேட்கப்படுகிறதா?

பதில்: எனக்கு வராத துறை.

கேள்வி (காவல் அதிகாரி): ஆய்வாளரே கட்சிக்காரராக இருந்தால்?

பதில்: இன்று நீங்கள் கேட்ட நல்ல கேள்வி இதுதான். மூன்றில் இரண்டு பங்கு என்ற விதியின் நோக்கமே அது: பெரும்பாலும் எதிர்க்கட்சியின் சம்மதமும் தேவைப்படும். ஆனால் ஒரே கட்சிக்கு அவ்வளவு இடங்கள் கிடைத்துவிட்டால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும்.