காமாலை தெளிந்த பிறகு ரத்த அணுக்கள் சரிவது ஏன்?

கேள்வி: 19 வயது மகனுக்கு இரண்டு மாதம் முன்பு மஞ்சள் காமாலை. ஏ, பி, சி, இ என எந்த வைரஸும் பரிசோதனையில் தெரியவில்லை, தானாகவே குணமானது. இப்போது பல் துலக்கினால் ரத்தம், கெண்டைக்காலில் சிவப்புப் புள்ளிகள். ஹீமோகுளோபின் 6.8, வெள்ளணு 1,400, தட்டணு 9,000. டெங்குதான், பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் என்கிறார்கள். அண்ணன் ரத்தம் தரத் தயாராக இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: சாறு வேண்டாம், இன்றே ரத்தவியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெங்குவில் காய்ச்சலின் நான்காம் நாளையொட்டித் தட்டணு இறங்கி, ஒரு வாரம் பத்து நாளில் ஏறிவிடும்; ஹீமோகுளோபின் இப்படிச் சரியாது. இங்கே மூன்று அணுக்களும் சேர்ந்தே விழுந்திருக்கின்றன. காமாலை தணிந்து இரண்டு மூன்று மாதத்தில், பெரும்பாலும் இளவயதினருக்கு வரும் அப்ளாஸ்டிக் அனீமியாவைத்தான் (எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி குன்றிப்போகும் நோய்) முதலில் சந்தேகிக்க வேண்டும். கல்லீரலைத் தாக்கிய டி-செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களையும் அழிப்பதால் இது வருகிறது. அதனால்தான் கல்லீரல் பரிசோதனை நார்மலுக்குத் திரும்பிய பிறகும் மஜ்ஜை வற்றிக்கொண்டே போகும்.

ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), இடுப்பெலும்பில் மஜ்ஜை பயாப்ஸி மூன்றும் தேவை. தட்டணு இவ்வளவு குறைவாக இருக்கும்போது எலும்பில் ஊசியா என்று பயப்படாதீர்கள்; எடுத்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்துப் பாதுகாப்பாகவே செய்கிறார்கள். மஜ்ஜையில் செல்கள் 25 சதவீதத்துக்கும் கீழே இருந்து, நியூட்ரோஃபில் (கிருமிகளை அழிக்கும் வெள்ளணு வகை) 500, தட்டணு 20,000 ஆகியவற்றுக்குக் குறைந்தால் அது தீவிர நிலை.

அண்ணனின் ரத்தத்தை மட்டும் ஏற்றவே கூடாது, அவனைத் தயாராக வைத்திருங்கள். மஜ்ஜை மாற்றுக்கு முதல் தேர்வு அவன்தான், ஹெச்.எல்.ஏ. எனும் திசு வகை பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இப்போதே அவன் ரத்தம் உள்ளே போனால், மகனின் உடல் அதை எதிர்க்கப் பழகி, பிறகு வைக்கும் மஜ்ஜையை நிராகரிக்கலாம். அப்பா, அம்மா ரத்தமும் அப்படியே. வெளியாரின் ரத்தத்தை, வெள்ளணு வடிகட்டி, கதிர்வீச்சு செலுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். அண்ணனுக்கு ஹெச்.எல்.ஏ. சோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளான ஏ.டி.ஜி.யும் சைக்ளோஸ்போரினும் உண்டு. ஆனால் அவை பலன் காட்ட மூன்று மாதம்கூட ஆகும்.

அதுவரை ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், தசை ஊசி எதுவும் வேண்டாம். பல்லுக்கு மென்மையான பிரஷ். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: இந்த வெள்ளணு அளவில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக ஏற வேண்டும்.