டிராக் பிய்கிறது, பல்புத் தட்டில் ஈயம் உருகவில்லை

கேள்வி: ஐயா, வீட்டிலேயே ரேடியோவும் எல்.இ.டி. பல்பும் பழுது பார்க்கிறேன். என் 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் ரேடியோ போர்டில் டிராக்கை, அதாவது செம்புக் கோட்டை, பிய்த்துவிடுகிறது. பல்புக்குள் எல்.இ.டி. பதித்த தட்டில் வைத்தால் ஈயமே உருகவில்லை. எத்தனை டிகிரி அயர்ன் வாங்குவது?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, குன்னூரில் நான் கடை போட்ட புதிதில் இதே குழப்பத்தில் பல போர்டுகளைக் கருக்கியிருக்கிறேன்.

கட்டுப்பாடு இல்லாத அயர்ன் ஸ்டாண்டில் கிடக்கக் கிடக்கச் சூடு ஏறிக்கொண்டே போகும். 400 டிகிரியைத் தொட்ட பிட்டை, அதாவது அயர்ன் முனையை, மெல்லிய டிராக்கில் வைத்தால் அடியில் உள்ள பசை விட்டுப் போகும். பல்புத் தட்டோ அலுமினியம். பிட்டின் சூட்டை அப்படியே இழுத்துக்கொள்ளும். 25 வாட்ஸால் ஈடுகொடுக்க முடியாது. மழைக்காலத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அந்த 25 வாட்ஸும் சுமார் 15தான்.

அதனால் 60 வாட்ஸ், 200 முதல் 450 டிகிரி வரை வைக்கக்கூடியதாக வாங்குங்கள். கைப்பிடியில் திருகு இருந்தாலே டெம்பரேச்சர் கன்ட்ரோல் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் அது வெறும் டிம்மர். சூட்டை அளக்கும் சென்சார் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று பின் பிளக், எர்த்தோடு இருக்கட்டும்.

60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 190 டிகிரிக்குள் உருகிவிடும். பிட்டை 320 முதல் 350க்குள் வைத்தால் போதும். ஈயம் கலக்காத சால்டர் 220 வாக்கில்தான் உருகும், அதற்கு 350 முதல் 380. பல்புத் தட்டுக்கு டிகிரியை ஏற்றாதீர்கள், பிட்டை மாற்றுங்கள். ஊசி பிட்டைக் கழற்றிவிட்டு 3 மில்லிமீட்டர் தட்டை பிட் போடுங்கள். நான் தட்டை முதலில் இஸ்திரிப் பெட்டியின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொள்வேன்.

பிட் போர்டின் செம்பையும், பாகத்தின் கம்பிக் காலையும் சேர்த்துத் தொடட்டும். இரண்டு எண்ணுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் ஈயத்தைக் கொடுங்கள். தானே ஓடி, காலில் ஏறி, சின்னக் கூம்பாகப் பளபளக்கும். சேம்பிலைத் தண்ணீர்போல உருண்டு நின்றால் சூடு பிடிக்கவில்லை, அல்லது காலில் அழுக்கு இருக்கிறது. சுரண்டிவிட்டு, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி மறுபடி வையுங்கள்.

குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தாதீர்கள். ஃபிளக்ஸ் புகை நெஞ்சை அடைக்கும், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் வயிற்றுக்குள் போகக்கூடாது. அணைக்கும் முன் பிட்டைத் துடைத்து, புது ஈயம் தடவி வையுங்கள். துரு ஏறாமல் பல நாள் வரும்.