வராதவர்களும் சேர்க்கப்படாதவர்களும்

அன்புள்ள ஐயா,

சென்னையின் தெற்குப் புறநகரில் எங்கள் ஆறு தெருக்களுக்குச் சேர்த்து ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் இருக்கிறது. போன பொதுக்குழுவில் வேறு யாரும் முன்வராததால் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவே ஒரே குடும்பமாக நின்றதைப் பார்த்தவன் நான். இன்று மாதக் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தால் அதிசயம், எட்டுப் பேரும் ஓய்வு பெற்றவர்கள். வாட்ஸப் குழுவில் மட்டும் "சங்கம் என்னதான் செய்கிறது?" என்று தினமும் கேள்வி வரும். பாதி வீடுகளில் வாடகைக்காரர்கள். இன்று இருப்பார்கள், நாளை போய்விடுவார்கள் என்பதால் பைலாவில் அவர்களுக்கு உறுப்பினர் உரிமை இல்லை.

ஞாயிறுதோறும் எல்லோரும் இறங்கித் தெருவைச் சுத்தம் செய்வோம் என்று அறிவித்தேன். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் நானும் பொருளாளரும்தான். "வரி கட்டுகிறோமே, நாம் ஏன் செய்யணும்?" என்கிறார்கள். தெருமுனைத் தள்ளுவண்டிகளை அகற்ற மனு கொடுப்பது, இரவு பத்து மணிக்கு மேல் தெருவுக்கு கேட் போடுவது என்று கமிட்டியில் இரண்டு யோசனைகள் ஓடுகின்றன. அதையாவது செய்தால் ஆர்வம் வருமா? இல்லை, சங்கத்தையே கலைத்துவிடலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கலைக்க வேண்டாம். ஆனால் வெள்ளத்தை அளவுகோலாக வைத்தால் எந்தச் சங்கமும் தேறாது. 2015 டிசம்பரில் மீனவர்கள் படகுகளோடு நகருக்குள் வந்து மாடிகளில் சிக்கியவர்களை இறக்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தார்கள். எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டிவிட்டு அவர்கள் வரவில்லை. செய்ய வேண்டியது கண்ணெதிரே இருந்தது, செய்ததும் முடிந்தது, அதனால் வந்தார்கள். உங்கள் மாதக் கூட்டத்தில் அப்படி ஒரு வேலையும் இல்லை. போன மாதம் பேசியதையே இந்த மாதமும் பேசுவதற்கு இளைஞர்கள் வரமாட்டார்கள். எனக்கும் வரத் தோன்றாது.

"வரி கட்டுகிறோமே" என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துடைப்பம் எடுப்பது உங்கள் வேலை இல்லை. 1989இல் நிர்மல் என்ற வங்கி அதிகாரி சென்னையில் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கியபோது, தெருக்காரர்கள் குப்பை அள்ளவில்லை. வீட்டுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று வசூலித்தார்கள். அதுவரை குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களில் ஒருவருக்கு மூன்று சக்கர வண்டியும் சம்பளமும் கொடுத்து, 'தெரு அழகுபடுத்துபவர்' என்று பெயரும் வைத்தார்கள். அவர் வீடு வீடாக எடுத்து மாநகராட்சித் தொட்டியில் சேர்ப்பார். சங்கத்தார் செய்தது மாதாமாதம் வசூல், கணக்கு, மேற்பார்வை. பார்வைக்குச் சாதாரணமான வேலை, ஆனால் வசூலுக்குப் போகிறவர் ஒரு மாதம் தவறினால் மறுமாதம் வண்டி நிற்கும். 2000இல் சில மண்டலங்களில் தனியார் நிறுவனம் குப்பை அள்ள வந்தது. பிறகு மாநகராட்சியே வாசலுக்கு வந்து வாங்க ஆரம்பித்தது. அந்த வசூலுக்கான தேவை போய்விட்டது. குப்பையில் இன்று உங்களுக்கு மிச்சமிருப்பது வேறு. திடக்கழிவு விதிகளின்படி மக்கும் குப்பையையும் மக்காததையும் வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும். எந்தெந்த வீடு தருவதில்லை என்பது தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். அவர் சொன்னால் சண்டை வரும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கொஞ்சம் கேட்பார்கள். இதற்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தேவையில்லை.

மற்றபடி சங்கத்தின் வேலை பெரும்பாலும் புகாரை விடாமல் துரத்துவதுதான். சாக்கடை மேன்ஹோல் பொங்கினால் குடிநீர் வாரியம். அதே தெருவில் மழைநீர் வடிகால் அடைத்தால் மாநகராட்சி. பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தால் மின்வாரியம். பெரிய சாலை என்றால் பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறை. ஒருவர் தோண்டியதை இன்னொருவர் மூட வேண்டும் என்று நால்வரும் சொல்வார்கள். மாநகராட்சியின் 1913க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்குவதோடு பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், குழி அப்படியே இருக்கும்.

செப்டம்பரில் வடிகால் தூர் வாருவதை நின்று கவனித்திருக்கிறீர்களா? அள்ளிய சேற்றை மூடிக்குப் பக்கத்திலேயே குவிப்பார்கள். காய்ந்த பிறகு லாரி வரும் என்பார்கள். லாரி வருவதற்குள் ஒரு மழை வந்தால் சேறு முழுக்கத் திரும்ப உள்ளே. தூர் வாரியதாகக் கணக்கு எழுதியாகிவிட்டது, நவம்பரில் தண்ணீர் வீட்டு வாசலில். குவித்த அன்றே படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு அனுப்பி, மறுநாள் காலை போன் செய்ய ஒரே ஒரு ஆள் போதும். தார் போடுவதும் அப்படித்தான். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். வேலை நடப்பது பெரும்பாலும் ராத்திரி. அன்று இரண்டு பேர் விழித்திருந்து சுரண்டினார்களா என்று பார்த்தால், உங்கள் வீடுகள் இன்னும் அரை அடி பள்ளத்தில் போகாமல் தப்பும். "எல்லோரும் வாருங்கள்" என்று அறிவிப்பதை விட்டுவிட்டு, இன்ன நாள், இன்ன வேலை, இரண்டு மணி நேரம் என்று ஆளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி ஷிப்ட் ஐடி பையன் ஒருவன் கட்டாயம் மாட்டுவான்.

அந்தப் பையன் அநேகமாக வாடகைக்காரன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். வராதவர்களைப் பற்றி இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள், ஆனால் தெருவில் பாதிப்பேரை நீங்களே வெளியில் நிறுத்தியிருக்கிறீர்கள். பெயர் குடியிருப்போர் நலச்சங்கம், பைலா வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துடையது. நாளை போய்விடுவார்கள் என்கிறீர்கள். சொந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருந்துகொண்டு வாட்ஸப்பில் கேள்வி கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! மேன்ஹோல் பொங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறவர் தரைத்தளத்து வாடகைக்காரர்.

அரசாங்கமே இந்த விஷயத்தில் உங்களைவிடத் தாராளமாக இருக்கிறது. நகர உள்ளாட்சிகளுக்கான அரசமைப்பின் 74ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகளை தமிழ்நாடு வெளியிட்டது 2022இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் அதில் பேசலாம், வீட்டுப் பத்திரம் யாரும் கேட்பதில்லை. கவுன்சிலர் தனக்கு வேண்டியவர்களைப் பகுதி சபைப் பிரதிநிதிகளாக நியமித்துக்கொள்கிறார் என்ற புகார் பரவலாக உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன். எட்டு ஓய்வுபெற்றவர்கள் போனால் டீ கொடுத்து அனுப்புவார்கள். வாடகைக்காரர்களும் சேர்ந்து எண்பது வாக்காளர்கள் போனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.

தள்ளுவண்டி மனுவைக் கிழித்துப் போடுங்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். நலச்சங்கங்களுக்கும் அதே குழுவில் இடம் உண்டு. பேச வேண்டியது இருந்தால் அங்கே அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். உங்கள் தெருமுனையில் ஒரு இஸ்திரி வண்டியும் இருக்கும் என்று நினைக்கிறேன். காலை முதல் இரவு வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். எந்த வீட்டு இடிபாடு ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலுக்குள் போனது, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வந்தது, எந்த மாமி இரண்டு நாளாக வெளியில் வரவில்லை எல்லாம் அவருக்குத் தெரியும். சம்பளம் வாங்காத அந்த வாட்ச்மேனை விரட்டிவிட்டுக் காசு கொடுத்து கேட் போடப் பார்க்கிறீர்கள்.

கேட்டும் வேண்டாம். தெரு மாநகராட்சியுடையது, பூட்ட உங்களுக்கு அதிகாரம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கமிட்டியில் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது பைலா திருத்தம். 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம், அந்த ஏழு பேர் வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். ஆண்டுக் கணக்கு நிலுவை இருந்தால் அதை முதலில் தாக்கல் செய்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அலைய விடுவார்கள். வாடகைக்காரருக்கு ஓட்டு என்றதும் அந்த எட்டுப் பேரில் நாலு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூடும். போகட்டும். பருவமழைக்கு முன்னால் கூட்டம் நடத்துவதாக இருந்தால் நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், மாடி போர்ஷன்களுக்கும் சேர்த்து.