அமெரிக்காவில் தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்துபவர் வலதுசாரியாக இருந்தால் எப்படி இருக்கும்?

ஒஹாயோவில் ஒரு சிறு நகரத்தில், இல்லாதவர்களுக்கு மளிகை கொடுக்கும் அமைப்பு ஒன்றை நடத்துகிறேன். எக்ஸிகியூட்டிவ் டைரக்டர் என்று பெயர். பாதி நாள் லாரி வந்ததா என்று பார்ப்பதுதான் வேலை. ஓட்டுப் போடுவது வலதுசாரியான ரிபப்ளிகன் கட்சிக்கு. அதனால் பதில் சொல்கிறேன்.

இங்கே யாரும் சண்டைக்கு வருவதில்லை. அறையில் இருக்கிற எல்லாரும் தங்களைப் போல ஜனநாயகக் கட்சிதான் என்று எடுத்துக்கொண்டு பேசுவார்கள், அதுதான் சங்கடம். 2024 தேர்தலுக்கு மறுநாள் காலை எங்கள் வட்டார அமைப்புகளின் ஜூம் கூட்டம். நடத்தியவர் எடுத்த எடுப்பிலேயே, “இன்று யாருக்கும் மனசு சரியாக இருக்காது, கொஞ்ச நேரம் அமைதியாக இருப்போம்” என்றார். நானோ ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவன். கேமராவை அணைத்தால் கவனிப்பார்கள், அணைக்காவிட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? மேஜையில் கிடந்த டெலிவரி ரசீதுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தேன். கூட்டம் முடிந்ததும் பக்கத்து மாவட்டத்தின் கிடங்கு மேலாளர் போன் செய்து, “நீங்களும் நம்ம ரிபப்ளிகன் பக்கம்தானே?” என்றார். பல வருஷப் பழக்கம், அன்றுதான் கேட்கிறார்.

மறைத்து வைக்கவும் முடியாது. ஒரு தேர்தல் சுழற்சியில் மத்தியத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தால், மத்திய தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் பெயர், வேலை, வேலை பார்க்கும் இடம் எல்லாம் வந்துவிடும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டு நேராக என்னிடமே வந்தார். “ஃபுட் ஸ்டாம்பை வெட்டுகிறவர்களுக்கா பணம் கொடுத்தீர்கள்?” ஏழைகள் உணவு வாங்க அரசாங்கம் அட்டையில் போட்டுத் தரும் உதவிதான் ஃபுட் ஸ்டாம்ப். புறம் பேசாமல் முகத்துக்கு நேரே கேட்டாரே, அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலாவை வளர்த்தது வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும் கடைக்காரர்களின் மகமைப் பணமும்தான். அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் ஒரு ஊரே தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கதை. என் வலதுசாரித்தனம் அங்கேதான் முளைத்தது. அமெரிக்கா வந்து சர்ச் கிடங்குகளில் ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டுகிறவர்களைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் கொடுக்கிற சோற்றில் முகம் இருக்கிறது, அரசாங்க அட்டையில் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அதே காமராஜர் முதலமைச்சர் ஆனதும், 1956-இல், மதிய உணவை அரசாங்கச் செலவிலும் கொடுக்க ஏற்பாடு செய்தார். பிடி அரிசி ஒரு ஊருக்குக் காணும், ஒரு மாநிலத்துக்குக் காணாது. இங்கேயும் அதே கணக்குதான்: உணவு வங்கிகள் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால், ஸ்நாப் என்கிற ஃபுட் ஸ்டாம்ப் திட்டம் ஒன்பது வேளை கொடுக்கிறது. “சர்ச்சே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லும் என் கட்சி நண்பர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. நான் சொல்லாமல் விடுவதும் இல்லை.

சொல்வதற்கு ஆதாரம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. 1977-இன் ஃபுட் ஸ்டாம்ப் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியின் செனட்டர் மெக்கவர்னோடு சேர்ந்து உழைத்தவர் கான்சஸ் மாநில செனட்டர் பாப் டோல். உணவை நல்லெண்ணத்தோடு தானம் செய்யும் கடைகளை வழக்கிலிருந்து காப்பாற்றும் 1996 சட்டத்துக்கு மிசூரி மாநில எம்.பி. பில் எமர்சன் பெயர். இரண்டு பேருமே ரிபப்ளிகன்கள். மத்திய அரசு எங்களுக்கு இலவசமாக அனுப்பும் சரக்குகூட, ரீகன் காலத்தில், 1981-இல், தேங்கிக் கிடந்த சீஸை ஏழைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த திட்டம்தான். 2025 வசந்தத்தில் அதில் சுமார் 50 கோடி டாலர் சரக்கை விவசாயத் துறை ரத்து செய்தபோது, கட்சி எம்.பி. அலுவலகத்துக்கு நான்தான் போன் போட்டேன். என் சக இயக்குநர்கள் பேசினால் “வழக்கமான எதிர்ப்பு” என்று குறித்துக்கொள்வார்கள். நான் பேசினால் எத்தனை லாரி, எந்த ஊர் என்று கேட்பார்கள். சரக்கு திரும்பி வரவில்லை, அது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் சக இயக்குநர்களோடு ஒத்துப்போகிறேன் என்றும் இல்லை. ஃபுட் ஸ்டாம்ப் வாங்குகிறவர்களில் உடம்பில் தெம்பு இருப்பவர்களிடம் வேலை செய்யச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2025 சட்டம் அந்த நிபந்தனையை 64 வயது வரை நீட்டியதுதான் உறுத்துகிறது. அறுபது வயதில் முதுகு போன கூரைத் தொழிலாளியை எங்கள் வரிசையில் பார்க்காதவர்கள் எழுதியது.

அப்புறம் சட்டம். 501(சி)(3) அமைப்புகள், அதாவது எங்களைப் போல வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்கள், எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இறங்கக் கூடாது என்பது 1954-இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த விதி. என் வீட்டு வாசலில் பலகை நடலாம், அமைப்பின் வேனில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. அக்டோபர் மாதம் பெட்டி கட்டுகிற மாதிரி போட்டோ எடுக்க வேட்பாளர்கள் வருவார்கள். போன முறை வந்தவர் என் கட்சிக்காரர், நான் ஓட்டுப் போடவும் இருந்தவர். “டிசம்பரில் வாங்க சார், ஆள் பற்றாக்குறை அப்போதுதான்” என்றேன். வரவில்லை.

தமிழ்ச் சங்கத்தில்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது. “இவ்வளவு நல்ல வேலை பார்க்கிறீங்க அண்ணே, போயும் போயும் அந்தக் கட்சிக்கா?” என்று பொங்கல் விழாவில் தட்டோடு வந்து நிற்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் வாதம் வேண்டாம் என்று பாயசத்தின் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

நீங்கள் இப்படி ஒரு பொறுப்புக்குப் போகிறவரானால், சேரும் முன்பே போர்டு தலைவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் ஒரு நன்கொடையாளரோ ஊழியரோ அவரிடம் கேட்டால், “எனக்குத் தெரியும்” என்று அவரால் சொல்ல முடியும். மற்றவர்களிடம் நீங்களாகப் போய் அறிவிக்க வேண்டியதில்லை; கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.